பத்தொன்பது வீடுகளில் கேட்ட கேள்வி

இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, யாரோ மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

சவரிமுத்து சார் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தார். ரம்பத்தை இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள். இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குப் பிறகு ஓர் ஓய்வு. மறுபடியும் அதே.

அவர் மலைக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே ராத்திரியில் ரம்பச் சத்தம் கேட்டால் கண்மாய்க் கரையில் எவனோ திருட்டு மரம் வெட்டுகிறான் என்று அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து குடியிருப்பின் வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனார். தேயிலைச் செடிகளின் மேல் வெளிச்சத்தை அடித்தார்.

"யார்ரா அது?"

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பனிமூட்டம் மட்டும் நகர்ந்தது. வந்து படுத்தார். நன்றாகத் தூங்கினார்.

கன்னியர் நடத்தும் அந்த எஸ்டேட் பள்ளிக்கு அவர் கணக்கு ஆசிரியராகத்தான் மாற்றலாகி வந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. வந்த வாரமே ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். காலை ஜெபத்தில் சவரிமுத்து சாரின் குரல் கணீரென்று இருப்பதைக் கேட்ட தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம், தமிழையும் அவரே பார்க்கட்டும் என்றார். தமிழ் நடத்திப் பழக்கமில்லை என்று அவர் சொன்னார். அப்படியானால் ஒரு மாதம், எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் செலின் டீச்சர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள் என்றார் சிஸ்டர்.

செலின் டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

சவரிமுத்து சார் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். அவரும் தன் வயதை மறந்துவிட்டார். செலின் டீச்சர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பையன் வாயைத் திறக்க நான்கு நிமிடம் காத்திருந்ததை அவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த நான்கு நிமிடத்தில் நானாக இருந்தால் மூன்று கணக்குப் போட்டு முடித்திருப்பேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னார். அதற்குப் பிறகு செலின் டீச்சரைக் "குருவே" என்றே கூப்பிட ஆரம்பித்தார். அது பாதி கேலி. மீதிப் பாதி கேலியில்லை.

குருவிடம் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. மணி நாலரை அடித்தால் செலின் டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மீட்டிங் என்றாலும் நிற்கமாட்டார். ஆண்டு விழா ஒத்திகை என்றாலும் நிற்கமாட்டார். இருட்டுவதற்குள் மகளோடு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

"எல்லாம் இருக்கு குருவே. தைரியம் மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார் ஒருநாள்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் அடுத்து இருந்தது ஐந்தே வரியில் ஒரு கவிதை.

கதவுக்கு அப்பால் ஒரு சத்தம்.
போர்வைக்குள் ஒரு நெஞ்சு.
எழுந்தேன், திறந்தேன், பார்த்தேன்.
இருட்டு மட்டும் நின்றிருந்தது,
என்னைப் பார்த்துப் பயந்தபடி.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று சவரிமுத்து சார் செலின் டீச்சரிடம் முன்னமே கேட்டுவைத்திருந்தார்.

"புத்தகத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க சார். உனக்கு எதுக்குப் பயம்னு."

"கேட்டுட்டு?"

"பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பத்தொன்பது பேரைக் கேட்டால் ஒரு பீரியட் போய்விடும் என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

ரம்பச் சத்தம் கேட்டதற்கு மறுநாள் இரண்டாவது பீரியட். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதைவிட நல்லது ஒன்று அவரிடம் இருந்தது. கவிதையை ஒருமுறை வாசித்தார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு நேற்று ராத்திரி நடந்ததைச் சொன்னார். அறுப்பது போல ஒரு சத்தம் கேட்டது, எழுந்தேன், திறந்தேன், பார்த்தேன், வெளிச்சத்தை அடித்து யார்ரா என்று கேட்டேன், சத்தம் நின்றுவிட்டது.

வகுப்பு அப்படி அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. கவிதையின் மகிமை என்று நினைத்தார்.

மூன்றாவது பெஞ்சில் கோகிலவாணி எழுந்தாள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாம் லைன் கடைசி வீட்டுப் பெண். ஒல்லியான பெண்தான், கேள்வி கேட்காத நாள் கிடையாது.

"நிஜமாவே வெளியே போனீங்களா சார்?"

"தொட்டி வரைக்கும்."

"கையில டார்ச் மட்டுமா?"

"டார்ச் மட்டும்தான்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் உட்காரவில்லை. இந்தக் கவிதையை எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டாள். அது பரீட்சைக்கு வராது என்றார் சார். பிறகு அவளே, அவர்கள் வீட்டில் இருட்டினால் யாரும் வெளியே போவதில்லை என்றும், நாலு வயதுத் தம்பி ஒண்ணுக்குப் போக வீட்டுக்குள்ளேயே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

பின் பெஞ்சில் எவனோ "வாளி, வாளி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்தது. மோனையோடு ஒரு வரி தானாக வாயில் வந்து விழுந்தது.

"பயந்தவனுக்கு வாளி. துணிந்தவனுக்கு வானம்."

வகுப்பு அதை மூன்று தடவை சேர்ந்து சொன்னது. கோகிலவாணியும் சொன்னாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. பிறகு அவர் போர்டில் மையக்கருத்தை எழுதிப் போட்டார். பயத்தை நேருக்கு நேர் பார்த்தால் பயம் ஓடிவிடும். ஐந்து மதிப்பெண் வினா. பத்தொன்பது பேரும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது குருவிடம் அதைச் சொன்னார். நீங்கள் சொன்னபடி கேட்கவில்லை, ஆனாலும் பாடம் எப்படி நின்றது தெரியுமா என்றார். செலின் டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, அது என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டார். சவரிமுத்து சார் தொண்டையால் அறுத்துக் காட்டினார்.

செலின் டீச்சரின் கை மூடியிலேயே நின்றது.

"அது ரம்பம் இல்ல சார்."

"பின்னே?"

"புலி."

எஸ்டேட்டில் சிறுத்தையைப் புலி என்றே சொல்வார்கள். அது குரல் கொடுத்தால் மரம் அறுப்பது மாதிரித்தான் இருக்கும். மலையில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், ஒரு வீட்டு வாசலிலிருந்து மூன்று வயதுக் குழந்தையை அது தூக்கிக்கொண்டு போனது. சவரிமுத்து சார் வந்த முதல் வாரத்திலேயே அதைக் கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டதையும் சத்தத்தையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சோற்றில் கை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு.

"பிள்ளைங்ககிட்ட ரம்பம்னு சொன்னீங்களா சார்?"

"அறுக்கற மாதிரி சத்தம்னு சொன்னேன்."

"அவங்களுக்கு அது போதும்."

"அப்படின்னா?"

"சார் டார்ச்சை அடிச்சுப் புலியை நிறுத்திட்டார்னு நினைச்சுட்டிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் ஒரு பையன் தொண்டையால் அறுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கையை டார்ச் மாதிரி நீட்டி, "யார்ரா அது?" என்றான். அறுத்தவன் செத்து விழுந்தான். அடுத்து யார் சார் ஆவது என்று சண்டை வந்தது.

சவரிமுத்து சார் கையைக் கழுவினார். நாளைக்குத் தமிழ் வகுப்பில் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"நடுவுல ஒரு ராத்திரி இருக்கு சார்" என்றார் செலின் டீச்சர்.

கடைசி பீரியட் அவருக்கு அதே ஏழாம் வகுப்பில் கணக்கு. வகுப்பில் நுழைந்ததும் பத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள். வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றார்கள். ராத்திரியில் யாரும் வெளியே போகக் கூடாது என்று அவர் சொன்னார். அவர்கள் புன்னகை செய்தார்கள். பெரியவர்கள் தங்கள் பெருமையை மறைத்துப் பேசும்போது சின்னவர்கள் செய்யும் புன்னகை அது.

"நீங்க போனீங்களே சார்" என்றாள் கோகிலவாணி.

அதற்கு ஒரே வாக்கியம்தான் பதில். எனக்கு அது புலி என்று தெரியாது. பத்தொன்பது முகத்தையும் பார்த்துவிட்டு அவர் அதைச் சொல்லவில்லை. அவர் போர்டு பக்கம் திரும்பி ஒரு வட்டிக் கணக்கை எழுதினார்.

மணி நாலரை அடித்தது. செலின் டீச்சர் குடையோடு வாசலில் நின்றிருந்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொள்ளும்படி கணவருக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னார்.

"வாங்க சார். பத்தொன்பது வீடு."

"போய் என்ன சொல்றது?"

"எதுவும் சொல்ல வேண்டாம். கேட்காம விட்டதைக் கேளுங்க."

பள்ளிக்குக் கீழே மூன்று லைன். ஒவ்வொன்றிலும் ஒட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடு. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து வருவதைப் பார்த்து, எந்தப் பிள்ளை என்ன செய்ததோ என்று அவர்கள் முகம் மாறியது.

முதல் வீடு கவின்ராஜ். சார் அவன் முன்னால் நின்று, "உனக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டார்.

"எனக்குப் பயமே இல்ல சார்."

அவன் அப்பா உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வந்து போட்டார். சாருடைய தைரியத்தைத்தான் லைன் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள் என்றார். இந்த மலையில் எத்தனையோ வாத்தியார்களைப் பார்த்திருக்கிறோம், ஆறு மணிக்குமேல் வாசலில் எட்டிப் பார்த்தவர் கிடையாது என்றார். சவரிமுத்து சார் ஸ்டூலில் உட்காரவில்லை.

இரண்டாம் வீட்டிலும் பயமே இல்லை. மூன்றாம் வீட்டில், நான்காம் வீட்டில், அதே வார்த்தை. ஆறாவது வீட்டில் ஒரு பெண் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, மையக்கருத்தை முழுசாக ஒப்பித்தாள். எட்டாவது வீட்டில் ஒரு பையன் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கித் தரச் சொல்லி அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா சாரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான் சார். நீ கோழைங்குறான். நீங்க பெரிய தைரியசாலி. நாங்கல்லாம் புள்ள பெத்தவங்க."

அவர் குரலில் மரியாதை இருந்தது. மரியாதை மட்டும் அல்ல, குத்தலும் இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் செலின் டீச்சர் அம்மாக்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினார். இன்றைக்குப் பிள்ளையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். சார் பக்கம் திரும்பவே மாட்டார். அடுத்த வீட்டை நோக்கி நடந்துவிடுவார்.

இரண்டாம் லைனுக்கும் மூன்றாம் லைனுக்கும் நடுவில் ஒரு சரிவு. அங்கே சவரிமுத்து சார் நின்றார்.

"குருவே, நான் உண்மையைச் சொல்லிட்டா நாளைக்கு எந்தப் பிள்ளை என்னை மதிக்கும்?"

"எத்தனை வீடு ஆச்சு சார்?"

"பன்னிரண்டு."

"இன்னும் ஏழு."

வெளிச்சம் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பனி கீழேயிருந்து ஏறியது. செலின் டீச்சர் வேகமாக நடந்தார், நடந்தபடியே இரண்டு பக்கமும் செடிகளைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று சார் கேட்டார்.

"இருக்கு சார்."

"ரொம்பவா?"

செலின் டீச்சர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

பதினெட்டாவது வீட்டில் கேட்டு முடித்தபோது பையனின் முகம் சரியாகத் தெரியவில்லை. பதில் மட்டும் தெளிவாகக் கேட்டது. பயமே இல்ல சார்.

பத்தொன்பதாவது கோகிலவாணி. லைனில் கடைசி வீடு. சுவர் முடிகிற இடத்தில் தேயிலை ஆரம்பிக்கிறது. கக்கூஸ் அந்தச் செடிகளை ஒட்டி, வீட்டிலிருந்து பதினைந்து எட்டு தள்ளி இருந்தது.

அவர்கள் போய் நின்றபோது கதவு விரியத் திறந்திருந்தது. கோகிலவாணி நிலைப்படியில் நின்றிருந்தாள். காலில் செருப்பு, ஒரு கையில் டார்ச், இடுப்பில் தம்பி. சாரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட் என்றாள். சித்திக்குக் குழந்தை பிறந்திருப்பதால் அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா எட்டு மணிக்கு வந்து கூடப் படுத்துக்கொள்வார்.

"இப்ப எங்கேம்மா கிளம்பிட்டே?"

"தம்பிக்கு ஒண்ணுக்கு வருதாம் சார்."

"வாளி?"

"கழுவிக் கவுத்துட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்தது.

சவரிமுத்து சார் பதினெட்டு வீட்டில் கேட்டதையே இங்கேயும் கேட்டார்.

"உனக்கு எதுக்குப் பயம்?"

"பயமே இல்ல சார்."

மற்ற வீடுகளில் அந்தப் பதில் வந்ததும் அவர் திரும்பியிருந்தார். இங்கே திரும்பவில்லை. நின்றார். கோகிலவாணி தம்பியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். டார்ச்சை அணைத்தாள், போட்டாள்.

"இவன் இல்லாட்டி பயமில்ல சார்" என்றாள். "இவன் கனமா இருக்கான். தூக்கிட்டு ஓட முடியாது."

அப்போது சத்தம் கேட்டது.

இழுப்பது, தள்ளுவது. நேற்றைப் போலத் தள்ளியிருந்து வரவில்லை. கக்கூஸுக்குப் பின்னால், செடிகளுக்குள்ளிருந்து வந்தது. செலின் டீச்சர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார்.

கோகிலவாணி உள்ளே போகவில்லை. சாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு எட்டு வெளியே வைத்து, டார்ச்சைச் செடிகளின் பக்கம் தூக்கினாள். "யார்ரா" என்று ஆரம்பித்தாள். குரல் அவளுடையது. சொன்ன விதம் அவருடையது.

சவரிமுத்து சார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தம்பியை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். சுவரோரம் கிடந்த பாயில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்ட ஆரம்பித்தன. நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

தம்பி அவர் தோளிலிருந்து இறங்கி, "புலி" என்றான். தெரிந்த ஆளின் பெயரைச் சொல்வது போலச் சொன்னான்.

கோகிலவாணி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கால் ஆடுது."

"ஆமா."

"புலிக்கா சார்?"

"ஆமா."

"நேத்து ஆடலையா?"

சவரிமுத்து சார் செலின் டீச்சரைப் பார்த்தார். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து எனக்கு அது புலின்னு தெரியாது" என்றார். "யாரோ மரம் அறுக்கறாங்கன்னு நினைச்சேன்."

கோகிலவாணி அவர் முகத்தையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவனுக்குக்கூடத் தெரியும் சார்" என்றாள்.

"அவன் சொன்னப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சிருந்தா போயிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"கட்டிலுக்கு அடியில போயிருப்பீங்க."

"போயிருப்பேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். அடுப்பங்கரைக்குப் போய், கவிழ்த்து வைத்த வாளியை எடுத்து வந்து தம்பியை அதன் முன்னால் நிறுத்தினாள். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னச் சத்தம் ஒன்று வாளியில் கேட்டு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. வெளியே அறுக்கும் சத்தம் இல்லை.

"நின்னுடுச்சு" என்றார் சார்.

"நின்னுட்டா எங்க இருக்குன்னு தெரியாது சார்" என்றாள் கோகிலவாணி. வகுப்பில் விடை சொல்வது போல, மெதுவாகச் சொன்னாள்.

யாரும் அசையவில்லை. பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகப் பேச்சுக்குரல் அடங்கியது. செலின் டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். மகள் இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா என்று அவர் நினைத்திருக்கலாம். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் சொல்கிறவர்களின் உதடு அப்படித்தான் அசையும்.

சவரிமுத்து சார் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். நாளைக்குக் காலையில் அந்த வகுப்புக்குள் நுழைய வேண்டும். போர்டில் அந்த வரி இன்னும் அழிக்காமல் இருக்கும். பத்தொன்பது நோட்டில் அடிக்கோடு போட்டு இருக்கும்.

"டீச்சர்" என்றார். குருவே என்று வரவில்லை. "பயந்து உட்கார்ந்திருக்கறவன் அந்தக் கவிதையை எப்படி நடத்தறது? அதுக்கு மையக்கருத்துன்னு நான் என்ன எழுதிப் போடட்டும்?"

செலின் டீச்சர் அவரைப் பார்த்தார். பதில் வர நேரமானது.

"கதவு இன்னும் திறந்து கிடக்கு, சார்."

சவரிமுத்து சார் எழுந்தார். பாயிலிருந்து கதவுக்கு நான்கு எட்டு. இருட்டைப் பார்த்தபடியே கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.